அப்பத்தாவின் கதையை ஒப்பந்தத்துக்குள் விடாதீர்கள்

ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். கடிதம் நீளம். சுருக்கித் தருகிறேன்.

"அக்கா, எனக்கு 27 வயது. அப்பா விசைப்படகில் போகிறார், நான் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ராத்திரியில் கேம் விளையாடுவேன், கதை எழுதுவேன். இணையத்தில் நான் போட்ட கடல் கதைகளைப் படித்துவிட்டு பெங்களூரிலிருந்து ஒரு சின்ன கேம் ஸ்டுடியோக்காரர்கள் பேசினார்கள். அவர்கள் செய்துகொண்டிருக்கும் மாயாஜால உலக கேமுக்குத் தமிழில் ஒரு நாவல் வேண்டுமாம். 40,000 சொல், பத்து வாரம், மொத்தமாக ஒரு தொகை. ஏப்ரலில் தொடங்கச் சொல்கிறார்கள். அந்த உலகத்தைப் பற்றி 140 பக்கத்துக்கு ஒரு 'லோர் பைபிள்' அனுப்பியிருக்கிறார்கள், படித்தாலே மலைப்பாக இருக்கிறது. கேமின் நாயகன் ஆணா பெண்ணா என்பதே விளையாடுகிறவர் கையில்தான் இருக்கிறது. அப்படி ஒருவரை வைத்து எப்படி நாவல் எழுதுவது? அந்த உலகத்தில் ஒரு தீவுக்கூட்டம் வருகிறது. அங்கே நம் தனுஷ்கோடியையும், என் அப்பத்தா இப்போதும் சொல்கிற, ஆவுளியாவாக (கடற்பசுவாக) மாறிய பெண்ணின் கதையையும் வைக்க ஆசை. வைக்கலாமா? என் நண்பன் 'இது அடுத்தவன் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிற வேலை, எழுத்தே இல்லை' என்கிறான். அது மனசைப் போட்டு அரிக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்கிறார்கள்."

தம்பி, உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். அதுதான் அவசரம். ஞாயிற்றுக்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டாம். "ஒப்பந்தத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன், பத்து நாளில் பதில் சொல்கிறேன்" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். பத்து நாள்கூடப் பொறுக்க மாட்டோம் என்று அவர்கள் சொன்னால், பிறகு வேலை எப்படிப் போகும் என்பது இப்போதே தெரிந்துவிடும். என் அனுபவத்தில் பெரும்பாலும் பொறுப்பார்கள்.

நான் கீழக்கரைக்காரி. பதினைந்து வருடமாக கேம்களுக்குக் கதையும் வசனமும் எழுதுகிறேன். நாலு நாவல் எழுதியிருக்கிறேன், நாலும் அடுத்தவர் கட்டிய உலகங்களில். அதனால் உங்கள் நண்பர் சொன்னது எனக்கும் தைக்கிற பேச்சுதான். முதலில் அதை எடுத்துப் போட்டுவிடுவோம்.

நம் ராமநாதபுரத்து இரகுநாத சேதுபதி மீது அமிர்தகவிராயர் ஒருதுறைக் கோவை பாடினார். 17ஆம் நூற்றாண்டு. கோவை என்றால் அகத்துறைகள், அதாவது காதலின் தருணங்கள், பலவற்றையும் வரிசையாக எடுத்துப் பாடுவது வழக்கம். இவர் எடுத்துக்கொண்டது ஒரே துறை, நாணிக் கண்புதைத்தல். தலைவி வெட்கத்தில் கண்ணைப் பொத்திக்கொள்கிறாள். அந்த ஒரு கணத்தை வைத்து 400 பாட்டு. துறை அவர் கண்டுபிடித்ததில்லை. கட்டளைக் கலித்துறை என்ற யாப்பும் முன்னாலேயே வகுத்தது. பாட்டுடைத் தலைவன் அரண்மனையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த மன்னன். ஆனால் அந்த 400-ல் ஒன்றைக்கூட அமிர்தகவிராயர் இல்லாமல் வேறு யாரும் எழுதியிருக்க முடியாது. நண்பரிடம் இதைச் சொல்லுங்கள். கொடுத்த எல்லைக்குள் நின்று எழுதுவது நம் ஊருக்குப் பழைய பழக்கம். வெளிநாட்டில் இது ஒரு தனித் தொழில். அமெரிக்க எழுத்தாளர்கள் மேக்ஸ் ஆலன் காலின்ஸும் லீ கோல்ட்பெர்க்கும் சேர்ந்து இப்படி எழுதுகிறவர்களுக்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஸ்கிரைப் என்ற பெயரில் விருதும் கொடுக்கிறார்கள்.

சரி, வேலைக்கு வருவோம்.

அந்த 140 பக்கத்தை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒருமுறை சும்மா கதைபோலப் படியுங்கள். இரண்டாம் முறை ஒரு நோட்டை விரித்து வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கத்தில் மாற்றக் கூடாதவை: போர் நடந்த ஆண்டு, யார் யாருக்குப் பிள்ளை, மந்திரம் எப்படி வேலை செய்கிறது, யார் செத்துவிட்டார். தொழிலில் இதைக் 'கேனன்' என்பார்கள், அந்த உலகத்தில் இது நடந்தது என்று உரிமையாளர் ஒப்புக்கொண்ட சங்கதிகள். வலப்பக்கத்தில், அவர்கள் யோசிக்காமலே விட்டவை: என்ன சமைக்கிறார்கள், பிணத்தை என்ன செய்கிறார்கள், யாரிடம் கடன் வாங்குகிறார்கள், மழை பொய்த்த வருடம் எதைத் தின்றார்கள். இடப்பக்கத்தில் ஒன்றை மாற்றியே ஆக வேண்டுமென்றால், காரணத்தை இரண்டு வரியில் எழுதி முன்கூட்டியே கேளுங்கள். கையெழுத்துப் பிரதிக்குள் ஒளித்து வைத்து அனுப்பாதீர்கள், அப்புறம் அந்த ஒரு வரிக்காக ஒரு அத்தியாயம் போகும். உங்கள் நாவல் எப்படியும் வலப்பக்கத்திலிருந்துதான் பிறக்கப் போகிறது.

நாயகனைப் பற்றிக் கேட்டீர்கள். அவரைத் தொடாதீர்கள். யாரோ ஒரு பெண் எண்பது மணி நேரம் உட்கார்ந்து, தன் நாயகியை ஒரு வில்லாளியாக வளர்த்து வைத்திருப்பாள். நீங்கள் அந்த இடத்தில் வாள் பிடித்த ஒரு ஆணை எழுதினால், அவளுடைய எண்பது மணி நேரமும் பொய் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். இந்தச் சிக்கலுக்குப் பழகிய வழி, காலத்தை நகர்த்துவது. எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையின் நாலாவது கேம் 2006-ல் வந்தது. அந்த உலகத்தில் 2009-ல் கிரெக் கீஸ் எழுதிய நாவல், அந்த கேமின் சம்பவங்கள் முடிந்து நாற்பது வருடம் கழித்து நடக்கிறது. டிராகன் ஏஜ் முதல் கேம் 2009 நவம்பரில் வந்தது. அதற்குச் சில மாதம் முன்னாலேயே அதன் தலைமை எழுத்தாளர் டேவிட் கெய்டர் ஒரு நாவல் வெளியிட்டார். அது முந்தைய தலைமுறை அரசனின் கதை.

உங்களுக்கு இரண்டாவது வழிதான் பொருந்தும். உங்கள் கேம் இன்னும் வெளிவரவில்லை. வெளிவராத கேமில் எதுவும் நிலையில்லை, முடிவு கடைசி மாதம்வரை மாறிக்கொண்டே இருக்கும். என் இரண்டாவது நாவலில் ஒரு தீவுக்கு மூன்று அத்தியாயம் ஒதுக்கியிருந்தேன். கேம் வெளிவர இரண்டு மாதம் இருக்கும்போது, அந்தத் தீவைச் செய்து முடிக்க ஆட்கள் இல்லை என்று எடுத்துவிட்டார்கள். என் மூன்று அத்தியாயமும் அதோடு போனது. முப்பது வருடம் முன்னால் நடக்கிற கதைக்கு இந்த ஆபத்து குறைவு.

அப்படியானால் யாரைப் பற்றி எழுதுவது? கேமில் கடைக்காரி ஒருத்தி இருப்பாள் இல்லையா, இரவும் பகலும் ஒரே இடத்தில் நிற்பாள், மூன்று வசனத்தை மாற்றி மாற்றிச் சொல்வாள். அவள் எப்போது தூங்குகிறாள்? அவள் பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? கேமால் அதைக் காட்ட முடியாது, காட்டினால் விளையாடுகிறவர் பொறுமை இழந்துவிடுவார். நாவல் வாசகர் அதற்காகத்தான் வருகிறார்.

இங்கே என் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்கிறேன். ஸ்டுடியோவிடம் கேமின் விலைப்பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். வடிவமைப்பாளர்கள் எக்செல்லில் வைத்திருப்பார்கள். வாளுக்கு எவ்வளவு, ரொட்டிக்கு எவ்வளவு, காயம் ஆற்றும் மருந்துக் குப்பிக்கு எவ்வளவு, எல்லாம் இருக்கும். நான் எழுதிய ஒரு உலகத்தில் மருந்துக் குப்பிக்கு 50 காசு, ஒரு கூடை மீனுக்கு 3 காசு. விளையாடுகிறவருக்கு 50 காசு ஒரு பொருட்டே இல்லை, ஒரு கொள்ளைக்காரனை அடித்தால் அவன் பையில் அது இருக்கும். மீன் விற்கிற வீட்டுக்கு அது 17 கூடை. அந்த வீட்டுப் பையன் காலில் திருக்கை முள் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். குப்பியைக் குடித்தால் ஒரு நொடியில் ஆறிவிடும். யாரிடம் போய் 17 கூடைக்கான காசைக் கேட்பது? கொடுக்கிறவன் பதிலுக்கு என்ன கேட்பான்? அடுத்த பருவத்து மீன் முழுக்க எனக்கே என்பானா? என் நாவல் அங்கே தொடங்கியது. கேமின் விதி ஒன்றைக்கூட நான் மீறவில்லை. அந்த விதி ஏழை வீட்டுக்குள் நுழையும்போது என்ன செய்யும் என்று மட்டும் பார்த்தேன்.

நீங்கள் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். ஒவ்வொரு படகின் பெயரிலும் எவ்வளவு ஐஸ் பாக்கி, எந்தப் படகுக்காரர் எந்த வியாபாரியிடம் முன்பணம் வாங்கி மாட்டியிருக்கிறார், எந்தக் கணக்கை முதலாளி கேட்காமல் விடுகிறார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். மந்திர உலகத்துக்கு நீங்கள் கொண்டுபோகிற பெரிய சரக்கு அதுதான். 140 பக்கம் எழுதிய அந்த ஸ்டுடியோக்காரர்களில் ஒருவருக்கும் அது தெரிந்திருக்காது.

அதே காரணத்தால்தான் சாவைப் பற்றியும் கேட்டுவிடுங்கள். கேமில் செத்தவர் முந்தைய இடத்திலிருந்து எழுந்து மறுபடி ஓடுவார். நாவலில் அப்படிச் செய்தால் ஒரு பக்கத்துக்குக்கூட யாரும் பதற மாட்டார்கள். பெரும்பாலான ஸ்டுடியோக்கள் "அது விளையாட்டு வசதிக்கு மட்டும், உலகத்தின் விதி இல்லை" என்று சொல்வார்கள். அந்தப் பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

தூரமும் அப்படித்தான். கேம் வரைபடத்தில் ஒரு நாட்டையே பத்து நிமிடத்தில் நடந்து கடக்கலாம். பாம்பன் ரயில் பாலம் இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். பழைய பாலத்தில் ரயில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது, இரண்டு பக்கமும் தண்ணீரைப் பார்த்தபடி, அந்த இரண்டு கிலோமீட்டர் எவ்வளவு நீளம் என்று நீங்கள் சின்ன வயதிலிருந்தே உணர்ந்திருப்பீர்கள். நாவலுக்கு அந்த நீளம் வேண்டும். எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் எத்தனை நாள் பயணம், எந்தக் காற்றில் எத்தனை நாள் என்று நீங்களே ஒரு பட்டியல் போட்டு அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள். சந்தோஷமாக ஒத்துக்கொள்வார்கள், அவர்களுக்கும் அது தேவைதான்.

காற்று என்றதும் கடலுக்கு வந்துவிட்டோம். நான் பார்த்த பைபிள்களில் அரச வம்சத்துக்கு இருபது பக்கம் இருக்கும், கடலுக்கு ஒரு பத்தி. அந்த இடம் உங்களுக்காகத் திறந்து கிடக்கிறது. ஒரே தீவின் ஒரு கரையில் பெண் கடல், மறு கரையில் ஆண் கடல், இந்தப் பக்கம் தண்ணீர் தட்டில் ஊற்றிய மாதிரி கிடக்கும்போது அந்தப் பக்கம் அலை அறைகிறது என்பது நமக்கு அன்றாடக் காட்சி. பாக் நீரிணைப் பக்கமும் மன்னார் வளைகுடாப் பக்கமும் பார்க்காதவருக்கு அது கற்பனையில்கூட வராது. ஆழத்தைப் பாகத்தில், அதாவது இரண்டு கையையும் விரித்த நீளத்தில், சொல்லுங்கள். எட்டுப் பாகத் தண்ணீர் என்று படகில் இருப்பவன் சொன்னால், கயிறு விட்டு அளந்த கை தெரியும். வாடை, கச்சான், கொண்டல், சோழகம் என்று காற்றைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். நீவாடு (கடல் நீரோட்டம்) எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்து வலை விடுகிற ஆளை எழுதுங்கள். விளக்கம் கொடுத்து நிறுத்த வேண்டாம். இரண்டு முறை வந்தால் மதுரைக்காரருக்கும் கோயம்புத்தூர்க்காரருக்கும் புரிந்துவிடும்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. தமிழில் இந்த வேலை செய்கிறவர்களை அதிகம் கவிழ்ப்பது இதுதான். உங்களுக்கு வந்த பைபிள் ஆங்கிலத்தில் எழுதியது. ஆங்கிலத்தில் அரசனுக்கும் ஒரே 'யூ', அவன் வீட்டு நாய்க்கும் அதே 'யூ'. தமிழில் முதல் வசனத்திலேயே நீ, நீர், நீங்கள், தாங்கள் என்று ஒன்றை எடுத்தாக வேண்டும். சூனியக்காரக் கிழவி இளவரசனை எப்படிக் கூப்பிடுவாள்? தன்னைவிடச் சின்ன வயது முதலாளியை சுக்கான் பிடிக்கிற பெரியவர் என்ன சொல்லி அழைப்பார்? மனைவி புருஷனைப் பெயர் சொல்லலாமா? என் முதல் நாவலில் இதை முன்னால் தீர்மானிக்கவில்லை. மூன்றாம் அத்தியாயத்தில் ராணியை 'நீ' என்ற காவலன் ஏழாம் அத்தியாயத்தில் 'தாங்கள்' என்றான், இடையில் எதுவும் நடக்கவில்லை. எடிட்டர் கவனிக்கவில்லை, வாசகர்கள் கவனித்தார்கள். இப்போதெல்லாம் எழுதத் தொடங்கும் முன் ஒரு அட்டவணை போடுகிறேன், யார் யாரை எப்படி என்று. அது எந்த அத்தியாயத்தில் மாறுகிறது என்றும் குறிக்கிறேன். 'நீங்கள்' ஒரு நாள் 'நீ' ஆவது நாவலில் ஒரு பெரிய சம்பவம். ஆங்கில எழுத்தாளருக்குக் கிடைக்காத கருவி இது.

உறவுச் சொற்களில் இன்னும் கவனம் வேண்டும். அந்தத் தீவில் மாமன் மகளைக் கட்டும் வழக்கம் இல்லையென்றால், ஒருவன் தன் கூட்டாளியை 'மச்சான்' என்று கூப்பிட முடியாது. 'மாமா' என்று ஒரு சொல் விழுந்தால் போதும், அதன் பின்னால் ஒரு கல்யாண முறையே வந்து நிற்கும். அந்த முறை அங்கே வேண்டுமா வேண்டாமா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், பைபிளில் இருக்காது.

பெயர்களையும் பாருங்கள். ஆங்கிலத்தில் வேறு வேறு எழுத்தில் தொடங்கும் இரண்டு பெயர்கள் தமிழில் எழுதினால் ஒன்றாகிவிடும், நம் 'க' இரண்டு ஒலிக்கும் ஒரே எழுத்து. அப்படி எத்தனை ஜோடி என்று முதல் வாரத்திலேயே எண்ணிச் சொல்லிவிடுங்கள். அப்புறம் ஒரு வேண்டுகோள். அரண்மனைக்காரர்களைச் செந்தமிழிலும் கரைக்காரர்களை மட்டும் கொச்சையிலும் பேச வைக்காதீர்கள். சினிமா நம் ஆட்களை நிறைய அப்படி வைத்துவிட்டது. பேச்சுத் தமிழ் என்றால் எல்லோருக்கும் பேச்சுத் தமிழ்.

இப்போது அப்பத்தாவிடம் வருகிறேன்.

பிள்ளைக்குப் பால் சுரக்காமல் கடலுக்குள் நடந்துபோன பெண், ஆவுளியாவாகி, வாடைக் காற்று நாட்களில் கரையோரக் கடற்புல் திட்டுக்கு வந்து முனகுகிறாள் என்று நாலே வரியில் எழுதியிருந்தீர்கள். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வேறு வேலை ஓடவில்லை எனக்கு. அதை இந்த நாவலில் வைக்காதீர்கள்.

காரணம் ஒப்பந்தத்தில் இருக்கிறது. இந்த வகை ஒப்பந்தங்களில் ஒரு வரி தவறாமல் வரும்: இந்தப் படைப்பில் உருவாக்கப்படும் பாத்திரங்கள், இடங்கள், சம்பவங்கள், பெயர்கள் எல்லாம் நிறுவனத்துக்கே சொந்தம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் உலகத்துக்குள் நீங்கள் பெற்றுப் போடுகிற ஒரு பாத்திரத்தை அடுத்த கேமில் அவர்கள் பயன்படுத்த வேண்டாமா? ஆனால் அந்த வரிக்குள் ஆவுளியாப் பெண் போய்விட்டால், நாளைக்கு உங்கள் சொந்த நாவலில் அவளை எழுதும்போது யாராவது மின்னஞ்சல் அனுப்பிக் கேள்வி கேட்கலாம். ஊரில் வழங்கும் கதைக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது, அது உண்மைதான். ஆனால் நீங்கள் அதற்குக் கொடுத்த பெயர், வரிசைப்படுத்திய சம்பவங்கள், எழுதிய வாக்கியங்கள் கைமாறிவிடும். அப்பத்தா உங்களுக்குச் சொன்ன விதமும் அதற்குள் மாட்டிக்கொள்ளும். 27 வயதில் அது பெரிய இழப்பாகத் தெரியாது. எனக்கு என் உம்மா சொன்ன சங்குக் குளியல்காரரின் கதை ஒன்று இருந்தது. முதல் நாவலில் வைத்துவிட்டேன். இன்றுவரை அதை என் பெயரில் எழுத முடியவில்லை.

தனுஷ்கோடிக்கு வேறு காரணம். 1964 டிசம்பர் 22 இரவு புயலில் அலையோடும் ரயிலோடும் போனவர்களின் பேரப்பிள்ளைகள் நம்மோடு இருக்கிறார்கள். ஊர்ப் பெயரை மாற்றி, ஒரு டிராகன் வந்து அதை விழுங்கியது என்று எழுதினால், அவர்கள் வீட்டுத் துக்கம் ஒரு கேமின் பின்னணி ஓவியமாகிவிடும். எனக்கு அதில் சம்மதமில்லை. ஆனால் பவளக்கல் சுவர் உப்புக் காற்றில் எப்படி உதிரும், மணல் ஏறிய தண்டவாளம் எந்த இடத்தில் மறையும், ஆள் போன ஊரில் நாய்கள் எந்த நேரத்தில் குரைக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அதைத் தாராளமாகக் கொடுங்கள். அது உங்கள் கண்ணின் பழக்கம், எத்தனை நாவலுக்குக் கொடுத்தாலும் குறையாது. கதை அப்படியில்லை, ஒருமுறைதான் கொடுக்க முடியும்.

இனி ஒப்பந்தம். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் மூன்று பிரிவுகளை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். 17-வது பிரிவின்படி, சம்பள வேலையில் இருப்பவர் அந்த வேலைக்காக எழுதினால் முதல் உரிமையாளர் முதலாளி. நீங்கள் அங்கே சம்பளக்காரர் இல்லை, அதனால் எழுதிக்கொடுத்தால்தான் உங்கள் எழுத்தின் உரிமை கைமாறும். உலகம் அவர்களுடையது என்பதால் அவர்கள் அனுமதியில்லாமல் அதை நீங்கள் வெளியிடவும் முடியாது, அதையும் நினைவில் வையுங்கள். 19-வது பிரிவு, உரிமை மாற்றம் கையெழுத்திட்ட எழுத்தில் இருக்க வேண்டும், எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எத்தனை காலம், எந்தெந்த நாடு என்று சொல்ல வேண்டும் என்கிறது. காலம் சொல்லாவிட்டால் ஐந்து வருடம், இடம் சொல்லாவிட்டால் இந்தியா மட்டும். 57-வது பிரிவு, உரிமையை எழுதிக்கொடுத்த பிறகும் 'இதை எழுதியது நான்' என்று சொல்லும் உரிமையும், உங்கள் பெயர் கெடும்படி சிதைத்தால் தட்டிக் கேட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு என்கிறது. அட்டையில் பெயர் வரும் என்பதை அப்படியிருந்தும் தனி வரியாக எழுதி வாங்குங்கள். என் ஒரு நாவலில் அந்த வரி இல்லாததால் நிறுவனத்தின் பெயரில் வந்தது. நூலகத்தில் அதை எடுத்து என் மகளுக்குக் காட்டும்போது, இது நான் எழுதியது என்று வாயால்தான் சொல்ல முடிந்தது.

பணத்தைப் பற்றி. மொத்தத் தொகை மட்டும் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், சின்ன சதவீதமாவது கேளுங்கள். விட்ச்சர் கேம்களுக்கு மூலமான கதைகளை எழுதிய போலந்து எழுத்தாளர் ஆந்த்ரே சப்கோவ்ஸ்கி, சதவீதம் வேண்டாம் என்று ஒரு தொகை வாங்கிக்கொண்டு உரிமை கொடுத்தார். கேம்கள் உலகம் முழுக்க ஓடின. 2018-ல் வக்கீல் மூலம் கூடுதல் பணம் கேட்டார், 2019 கடைசியில் புது ஒப்பந்தம் ஆனது. அவருக்கு ஏற்கெனவே பெயர் இருந்தது, கேட்க முடிந்தது. உங்களுக்கும் எனக்கும் முதல் நாளே எழுதி வாங்குவதுதான் வழி. அச்சுப் புத்தகம், மின்னூல், ஒலிப்புத்தகம், மொழிபெயர்ப்பு என ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கேளுங்கள்.

தொகையை நாலாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: கையெழுத்துக்கு ஒன்று, கதைச்சுருக்கம் ஒப்புதலானதும் ஒன்று, முழுப் பிரதி கொடுத்ததும் ஒன்று, பிரதி ஒப்புதலானதும் ஒன்று. 'கேம் வெளியானதும்' என்ற சொல் எங்கே இருந்தாலும் அடிக்கச் சொல்லுங்கள். கேம்கள் நின்றுபோவது சகஜம். வார்கிராஃப்ட் உலகத்தில் ஒரு சாகச கேமைப் பாதிக்கு மேல் செய்துவிட்டு 1998-ல் கைவிட்டார்கள். அதன் கதையைக் கிறிஸ்டி கோல்டன் நாவலாக எழுதி 2001-ல் வந்தது. கேம் வரவில்லை, புத்தகம் இருக்கிறது. உங்கள் கூலி அவர்களுடைய கேமோடு கட்டப்பட்டிருக்கக் கூடாது.

ஒப்புதலுக்கு அவர்கள் எடுக்கும் நாட்களுக்கும் ஒரு எல்லை வேண்டும், பதினைந்து நாள் நியாயம். அந்த நாட்கள் உங்கள் கெடுவில் சேரக் கூடாது. இரண்டு திருத்தத்துக்கு மேல் போனால் தனிக் கூலி. இதையெல்லாம் நீங்கள் நேரில் பேசத் தயங்குவீர்கள் என்று உங்கள் கடிதத்தின் தொனியிலேயே தெரிகிறது. எழுத்தில் கேளுங்கள், எளிதாக இருக்கும். பதிப்புரிமை பார்க்கிற வக்கீல் ஒருவர் மதுரையில் கிடைப்பார், ஒரு மணி நேரம் உட்கார்ந்து படிக்கச் சொல்லுங்கள். அந்தச் செலவை வீண் என்று நினைக்காதீர்கள்.

பத்து வாரம் போதாது, பதினான்கு கேளுங்கள். உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், ஐஸ் கம்பெனியிலும் வேலை குறைந்திருக்கும். அதற்கு முன்னால் இரண்டு வாரத்தில் கதைச்சுருக்கத்துக்கு ஒப்புதல் வாங்கிவிட்டால், தடைக்காலம் முழுக்க எழுதலாம். வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு 800 சொல் என்றால் 40,000 தாண்டிவிடும். ஒப்புதல் இல்லாமல் ஒரு அத்தியாயம்கூடத் தொடங்காதீர்கள். மிச்ச வாரங்கள் திருத்தத்துக்கு. அப்பா அந்த இரண்டு மாதமும் வீட்டில்தான் இருப்பார். நீவாடு பற்றியும் கயிறு பற்றியும் சந்தேகம் வந்தால் எழுதியதைப் படித்துக் காட்டிக் கேளுங்கள். கதை எதற்கு என்று அவர் கேட்டால் கேட்கட்டும், கயிற்றுமுடிச்சைத் தப்பாக எழுதியிருந்தால் கட்டாயம் சொல்லுவார்.

கையெழுத்துப் போடும் முன்னால் ஒரே ஒரு வேலை பாக்கி. அப்பத்தாவை உட்கார வைத்து ஆவுளியாக் கதையை முழுக்கச் சொல்லச் சொல்லி போனில் பதிவு செய்யுங்கள். தொடங்கும்போது தேதியை வாயால் சொல்லுங்கள். பிறகு அதை உங்கள் நடையில் ஐந்தாறு பக்கம் எழுதி, உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள். ஒப்பந்தத்தில் 'எழுத்தாளரின் முந்தைய படைப்புகள் இதில் சேராது' என்று ஒரு வரி கேட்டு, அந்தக் கதையின் தலைப்பை அங்கே எழுதச் சொல்லுங்கள். பதிவு செய்யும்போது நடுவில் அவர் வெற்றிலை இடிக்க எழுந்தாலும் நிறுத்த வேண்டாம், ஓடிக்கொண்டே இருக்கட்டும்.